தொழிற்சாலைக்கு முன்னால் ஒரு பெட்டி ஐஸ்: நம் கரையோரச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் கரையோரத்துக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் தலைவர்மாருக்கும் செயலாளர்மாருக்கும் பொருளாளர்மாருக்கும்,

அண்ணன்மாரே, முஸ்லிம் அண்ணன்மாரான காக்காமாரே,

போன மாதம் நீங்கள் கூட்டிய கூட்டத்துக்கு அப்பாவோடு நானும் வந்திருந்தேன். கடைசி வரிசையில், மின்விசிறி ஓடாத பக்கம் இருந்தவள் நான்தான். கொழும்பிலிருந்து வந்தவர் திரையில் படம் காட்டினார். ஒரு பக்கம் சூரைத் தலை, மறுபக்கம் பளபளவென்று ஒரு சின்ன டப்பா, நடுவில் ஓர் அம்புக்குறி. மீன் கழிவிலிருந்து எடுக்கிற 'ஒட்சியேற்ற எதிர்ப்பு'ப் புரதத் தூள்தான் டப்பாவுக்குள், அதைச் செய்கிற இயந்திரத்தைச் சங்கம் வாங்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். "நீங்கள் கொட்டுவது குப்பை இல்லை, தங்கம்" என்றார். மண்டபமே கைதட்டியது. அப்பாவும் தட்டினார். எனக்குக் கண் அந்த அம்புக்குறியிலேயே நின்றுவிட்டது. தலை எப்படி டப்பாவுக்குள் போகிறது என்று அவரும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. நான் கேட்கக் கையைத் தூக்கினேன். அதற்குள் தேநீர் வந்துவிட்டது.

அதனால்தான் எழுதுகிறேன். நான் உணவு விஞ்ஞானம் படித்தவள். கடைசி வருட ஆய்வை நம் சந்தையில் விழுகிற சூரைக் கழிவை வைத்துத்தான் செய்தேன். அதற்குப் பிறகு மேற்குக் கரையில் ஒரு மீன் ஏற்றுமதி ஆலையில் இரண்டு வருடம் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்தேன். இப்போது ஊரில் இருக்கிறேன். உங்களிடம் சொல்ல வந்தது ஒன்றுதான்: சங்கத்துச் சேமிப்பை எடுத்து இயந்திரம் வாங்காதீர்கள். முதலில் மீன் வெட்டுகிற மரக்குற்றியடிக்கு ஐஸும் பெட்டியும் கொடுங்கள். அந்த டப்பாவின் தலைவிதி அங்கேதான், காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் எழுதப்படுகிறது.

வந்தவர் பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தலையிலும் முள்ளிலும் தோலிலும் நல்ல புரதம் இருக்கிறது. புரதம் என்பது அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோத்த நீண்ட மாலை. நொதியம் போட்டு அதை அறுத்தால் இரண்டு மணித் துண்டு, ஐந்து மணித் துண்டு, இருபது மணித் துண்டு என்று சிதறும். அந்தத் துண்டுகளுக்குத்தான் பெப்டைட்டு என்று பேர். இறைச்சி வேகாவிட்டால் நம் வீடுகளில் பப்பாசிக்காய்த் துண்டு போடுவார்களே, அதுவும் இந்த வேலைதான். பப்பாசிப் பாலில் உள்ள பப்பெயின் என்ற நொதியம் இறைச்சிப் புரதத்தை அறுக்கிறது. கீரி மீனைக் கொஞ்ச நேரம் வெயிலில் விட்டால் வயிறு வெடிக்கிறதே, அங்கேயும் இதே கதைதான். மீனின் குடலில் உள்ள நொதியங்கள் அதன் வயிற்றையே அறுத்துவிடுகின்றன.

இனி அந்த 'ஒட்சியேற்ற எதிர்ப்பு' என்ற பெரிய சொல். கருவாட்டை நாள்பட வைத்தால் மஞ்சள் ஏறிக் காறல் அடிக்கும். எண்ணெய்க் கொழுப்பில் ஒட்சிசன் ஏறுவதால் வருவதுதான் காறல். அப்போது சுயாதீன மூலிகங்கள் என்ற சண்டைக்காரத் துகள்கள் பிறக்கும். ஒன்று பக்கத்திலுள்ளதைக் கெடுக்க, அது அடுத்ததைக் கெடுக்க, சங்கிலியாகப் போகும். சில பெப்டைட்டுகள் தங்களிடம் இருக்கிற இலத்திரனையோ ஐதரசனையோ அந்தத் துகளுக்குக் கொடுத்து அதை அடக்கிவிடும். இரும்பும் செம்பும் இந்தச் சங்கிலியை ஓட்டிவிடுகிறவை. வேறு சில பெப்டைட்டுகள் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஹிஸ்டிடின், டைரோசின், டிரிப்டோபான் போன்ற அமினோ அமிலங்கள் உள்ள துண்டுகளுக்கு இந்தக் கெட்டித்தனம் கூடுதல். ஹிஸ்டிடின் என்ற பேரை மட்டும் மறந்துவிடாதீர்கள், கொஞ்சத்தில் அதனிடம் திரும்பி வருவேன்.

இதெல்லாம் நேற்று வந்த கதை இல்லை. சூரை இன மீனை அவித்த தண்ணீரை நொதியத்தால் அறுத்து இந்தக் குணம் இருக்கிறதா என்று தாய்வானில் பார்த்து 2002இலேயே எழுதிவிட்டார்கள். கொரியாவில் 2007இல் அதே இன மீனின் முதுகு முள்ளுப் புரதத்தைப் பெப்சின் கொண்டு அறுத்து, பதினான்கு மணி கோத்த ஒரு பெப்டைட்டைத் தனியே பிரித்தெடுத்தார்கள். நம் பக்கம் மாசிக் கருவாடு போடுகிற வீடுகளில் சூரை அவித்த தண்ணீரை என்ன செய்கிறோம்? வாய்க்காலில் ஊற்றுகிறோம். அந்தத் தாய்வான் ஆய்வை வாசித்த அன்று எனக்கு வந்த சிரிப்பை அம்மா வேறு மாதிரி நினைத்துக்கொண்டா.

சரி, ஹிஸ்டிடின். சூரையின் சதையில் இது தாராளமாக இருக்கிறது. மீன் செத்த பிறகு ஐஸ் படாமல் கிடந்தால் சில பக்டீரியாக்கள் இதே ஹிஸ்டிடினைப் பிடித்து ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பழைய சூரை தின்று முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, தலை வெடிக்கிற மாதிரி வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஆட்கள் இல்லாத தெரு நம் ஊரில் உண்டா? அதுதான் ஹிஸ்டமின். எந்த அமினோ அமிலம் பெப்டைட்டுக்குப் பலமோ அதே அமினோ அமிலம் கவனிக்காமல் விட்டால் நஞ்சு. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் போகாது, உப்புப் போட்டாலும் போகாது. காய வைத்தாலும் நீர்தான் போகும், அது அங்கேயே இருக்கும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. நூறு கிலோ தலையும் முள்ளும் வருகிறது என்று வைப்போம். அதில் புரதம் ஏறக்குறைய 15 கிலோ. நொதியத்தால் அறுத்து, வடித்து, காய வைத்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கு கையில் வந்தாலே கெட்டித்தனம். ஆக 10 கிலோ தூள். இப்போது அந்தக் கழிவில் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம் ஹிஸ்டமின் இருந்ததென்று வையுங்கள். மீனாக விற்றால் இதைக் குற்றம் சொல்ல முடியாது. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு வைத்திருக்கிற பாதுகாப்பு எல்லையே கிலோவுக்கு 200 மில்லிகிராம்தான். ஆனால் ஹிஸ்டமின் தண்ணீரில் கரைகிற சாமான், பெப்டைட்டோடு சேர்ந்தே வரும். நூறு கிலோவிலிருந்த 5,000 மில்லிகிராமும் 10 கிலோ தூளுக்குள் இறங்கினால் கிலோவுக்கு 500. நல்ல மீனாக இருந்தது, தூளானதும் எல்லையைத் தாண்டிவிட்டது. கூட்டத்தில் வந்தவர் காட்டிய அந்த அம்புக்குறிக்குள் இது இருக்கிறது.

என் ஆய்வுக்கு இரண்டு பானை வைத்தேன். ஒன்றில், குற்றியில் வெட்டி விழுந்த கையோடு ஐஸ் பெட்டிக்குள் போட்ட தலையும் முள்ளும். மற்றதில், அதே மீன்களின் தலையும் முள்ளும், ஆனால் பத்தரை மணிக்குக் கழிவு வாளியிலிருந்து அள்ளியது. இரண்டையும் அரைத்து, சம அளவு தண்ணீர் விட்டு, 55 பாகை செல்சியஸில் நாலு மணி நேரம் பப்பெயினோடு வைத்தேன். பிறகு 90 பாகைக்கு ஏற்றிப் பதினைந்து நிமிடம் வைத்து நொதியத்தைச் சாகடித்தேன். அப்படிச் செய்யாவிட்டால் அது அறுத்துக்கொண்டே போகும். முதல் பானை திறந்தபோது நல்ல மீன் சொதி வாசம். இரண்டாவதைத் திறந்தபோது ஆய்வுகூட உதவியாளர் ஒரு வார்த்தையும் பேசாமல் எழும்பிப் போய் ஜன்னலைத் திறந்தார்.

பிறகு வந்ததுதான் எனக்குப் பாடம். இந்த ஆய்வுகளில் எல்லாரும் செய்கிற ஒரு சோதனை உண்டு. டிபிபிஎச் என்ற இரசாயனத்தை அற்ககோலில் கரைத்தால் நல்ல கத்தரிப்பூ ஊதா. நம் சாற்றை அதில் விட்டு அரை மணி நேரம் இருட்டில் வைத்தால், ஒட்சியேற்ற எதிர்ப்புக் குணம் இருந்தால் ஊதா வெளிறி மஞ்சளாகும். முதல் பானைச் சாறு மஞ்சளானது. நாறின பானைச் சாறும் மஞ்சளானது! நாறினாலும் அதற்குள்ளும் அறுந்த புரதத் துண்டுகள் இருக்கத்தானே செய்யும். அந்த ஊதா நிறத்துக்குப் பழசும் தெரியாது, ஹிஸ்டமினும் தெரியாது. ஆகையால் நாளை யாராவது வந்து, "உங்கள் தூளுக்கு இத்தனை சதவீத எதிர்ப்பு வந்திருக்கிறது" என்று தாளை நீட்டினால், "ஹிஸ்டமின் எவ்வளவு?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

இன்னொன்று: டிபிபிஎச் நம் உடம்பில் இருக்கிற சாமானே இல்லை. கண்ணாடிக் குழாயில் ஊதாவை மஞ்சளாக்குகிற தூள், தின்றவருடைய உடம்பிலும் அதையே செய்யும் என்று சொல்ல முடியாது. வயிற்றில் அமிலமும் பெப்சினும் இருக்கின்றன, சிறுகுடலில் டிரிப்சின் இருக்கிறது. நாம் அறுத்து அனுப்பியதை அவை இன்னும் அறுக்கும். மிஞ்சியது இரத்தத்துக்குப் போக வேண்டும், போன இடத்தில் வேலை செய்ய வேண்டும். இப்படியான ஒட்சியேற்ற எதிர்ப்புச் சுகாதார உரிமைகோரல்கள் பலவற்றை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆதாரம் போதாது என்று தள்ளிவிட்டது. நம் நாட்டிலும் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. டப்பாவில் "முதுமையைத் தள்ளிப்போடும், புற்றைத் தடுக்கும்" என்று அச்சடித்தால் முதலில் வருகிறவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்தான். வாங்குகிறவர் அதற்குப் பிறகுதான்.

ஒழுங்காகச் செய்த ஒரு உதாரணமும் உண்டு. நம் மாசிக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி ஜப்பானில் கட்சுவோபுஷி என்று ஒன்று இருக்கிறது. அதுவும் சூரைதான்: அவித்து, புகை போட்டு, கல்லாகக் காய வைத்தது. அதை நொதியத்தால் அறுத்து எடுத்த பெப்டைட்டுகளை இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, அரசின் அனுமதியோடு சுகாதார உணவாக விற்கிறார்கள். அது ஒட்சியேற்ற எதிர்ப்பு இல்லை, இரத்த அழுத்தம். ஆனால் மனிதருக்குக் கொடுத்துச் சோதித்த பிறகுதான் டப்பாவில் எழுதினார்கள். அந்தச் சோதனைக்கு ஆகும் காசும் காலமும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தால் தாங்கக்கூடியது இல்லை. அது பல்கலைக்கழகங்களின் வேலை, நாரா என்ற நம் அரச கடல்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை. ஒலுவிலிலும் வந்தாறுமூலையிலும் நமக்குப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. கேளுங்கள், அவர்கள் செய்யட்டும்.

இப்போது குற்றியடிக்கு வாருங்கள். நீங்கள் எல்லாரும் தினமும் கடந்து போகிற இடம்தான், ஆனால் நின்று பார்த்திருக்க மாட்டீர்கள்.

நான் பழகிய குற்றி ஒரு காக்காவுடையது. இருபது வருடமாக அதே புளியங்குற்றி, நடுவில் சட்டி மாதிரிக் குழி விழுந்துவிட்டது. மீனை இடது கையால் பிடித்து, செதிலை மூன்று இழுவையில் எடுப்பார். செட்டையை வெட்டுவார். செவுள் பூவை விரலால் பிடுங்குவார். வயிற்றைக் கீறிக் குடலை ஒரே வழிப்பில் வெளியே போடுவார். சூரை ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது. குடல், பூ, செதில், தோல், முள், வேண்டாத தலை எல்லாமே காலடியில் இருக்கிற ஒரே நீல வாளிக்குள் விழும். வாளி நிறைந்தால் பின்னாலுள்ள பீப்பாய்க்குள். பீப்பாய் வெயிலில். சபையின் உழவு இயந்திரம் வந்தால் வரும், வராவிட்டால் மறுநாள். ஒரு நாள் என் வெப்பமானியைப் பீப்பாய்க்குள் விட்டேன்: பத்தரை மணிக்கு 33 பாகை. சூரையை 4 பாகைக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்பது கணக்கு. காக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, காய்ச்சல் கூடத்தான்" என்றார்.

அந்த ஒரே வாளிதான் நம் பிரச்சினை. குடலும் தலையும் ஒன்றாக விழுந்த அந்த நிமிடமே குடலின் நொதியங்களும் பக்டீரியாவும் தலையில் ஏறிவிடுகின்றன. பெரிய மீன்களின் ஈரலிலும் குடலிலும் கட்மியம் வேறு சேரும். மனிதர் தின்கிற எதிலும் அந்தக் குடல் போகக் கூடாது. ஆகவே மூன்று பெட்டி வேண்டும். தலையும் முள்ளும் ஒன்றில், தோல் ஒன்றில், குடலும் பூவும் ஒன்றில். முதல் இரண்டுக்கும் ஐஸ். காக்காவுக்கு இது கூடுதல் வேலை, ஒரு மீனுக்கு நாலைந்து விநாடி அதிகம். அந்த நாலைந்து விநாடிக்குக் கூலி கொடுக்காமல் எந்தத் திட்டமும் ஓடாது. கூட்டத்தில் காட்டிய படத்தில் மீன் வெட்டுகிறவர் ஒருவருமே இல்லை. வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டவர்கள்தான் இருந்தார்கள்.

நொதியத்தைப் பற்றி ஒரு சொல், குறிப்பாகக் காக்காமாருக்கு. தொழிலில் பாவிக்கிற பெப்சினும் டிரிப்சினும் பெரும்பாலும் பன்றியின் வயிற்றிலிருந்தும் கணையத்திலிருந்தும் எடுப்பவை. கல்முனையில், சாய்ந்தமருதில், நிந்தவூரில் செய்து விற்கப்போகிற சாமானில் அதைப் போட்டுவிட்டுப் பிறகு விளங்கப்படுத்த முடியாது. பப்பெயின் மரத்திலிருந்து வருவது. அல்கலேஸ் என்பது பக்டீரியாவிலிருந்து எடுப்பது. இரண்டுமே போதும். இதில் நமக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. கடையில் விற்கிற ஜெலற்றின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருகிறது, ஆகவே இரண்டு சனத்துக்கும் ஏதோ ஒரு சங்கடம். மீன் தோலிலிருந்து எடுக்கும் ஜெலற்றினைக் காரைதீவுக் கோயில் மடைக்கும் கொண்டு போகச் சொல்லவில்லை, ஆனால் வட்டிலப்பத்துக்குப் பக்கத்தில் வைக்கிற ஜெலியில் இரண்டு வீடும் கூசாமல் தின்னலாம். தோலைத் தனிப் பெட்டியில் போடச் சொல்வது அதற்காகவும்தான்.

ஐஸ்லாந்தைக் காட்டி ஆசை மூட்டினார் வந்தவர். கொட் மீனின் தோலைக் காயத்துக்குப் போடும் மருந்தாக்கிய கெரெசிஸ் கம்பனியை 2023இல் டென்மார்க் கம்பனி ஒன்று 130 கோடி டொலர் வரை விலை பேசி வாங்கியது உண்மைதான். அவர் சொல்லாமல் விட்டது என்ன தெரியுமா? அதே ஐஸ்லாந்து கொட் மீன் தலையைப் பூமிச் சூட்டில் காய வைத்து நைஜீரியாவுக்கு விற்கிற நாடு. அங்கே அது நல்ல குழம்புக்குப் போகிறது. மருந்துக் கம்பனி வந்தது பிறகுதான். தலையை வீணாக்காமல் கையாளுகிற பழக்கம் முதலில் வந்தது. நமக்குப் பூமிச் சூடு இல்லை, பங்குனி சித்திரையில் தலைக்கு மேலே நிற்கிற வெயில் இருக்கிறது.

பெரிய கட்டடம் முதலில் வந்து வேலை பிறகு வருகிற கதை நமக்குப் புதிதா? ஒலுவில் துறைமுகத்தை 2013இல் திறந்தார்கள். வாயை மணல் மூடியது. வடக்குப் பக்கக் கரையைக் கடல் தின்றது. தென்னை சரிந்து கிடந்த இடத்தில் நின்று அப்பா சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது, இங்கே எழுத முடியாது.

இயந்திரத்துக்கு வருடம் முழுக்கத் தீனி வேண்டும். நம் கடல் அப்படித் தராது. வாடைக் காலத்தில் தோணி இறங்காது, கரைவலை மடியும் கரையில்தான் கிடக்கும். ஆழ்கடல் படகுகள் கடலிலேயே குடல் எடுத்துவிட்டு வருகின்றன. தெளித்துக் காய வைக்கிற இயந்திரம் கரண்டைக் குடிக்கிற குடி தனி. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனபோது படகைக் கரையில் ஏற்றியவர்கள் நீங்கள். அந்த மாதிரி ஒரு மாதம் மறுபடி வந்தால் கடன் தவணையை யார் கட்டுவது?

சரி, ஒன்றுமே செய்ய வேண்டாமா? செய்யலாம், படிப்படியாக. குடல் பெட்டியிலிருந்து தொடங்குங்கள், அதற்கு ஐஸே வேண்டாம். அரைத்து, எடைக்கு நூறுக்கு மூன்று அளவில் போமிக் அமிலம் கலந்து, பிளாஸ்டிக் பீப்பாயில் மூடி, தினமும் கிளறினால் மீனின் சொந்த நொதியமே அதைக் கரைத்துவிடும். அமிலத்தை அளக்கிற பிஎச் எண் நாலுக்குக் கீழே இருக்கும்வரை நாறாது. ரப்பர் தோட்டங்களில் பாலை உறைய வைக்கப் பாவிக்கிற அதே அமிலம்தான். கையில் பட்டால் தோலைச் சுடும், உறையும் கண்ணாடியும் இல்லாமல் ஒருவரையும் தொட விடாதீர்கள். இது கோழித் தீனிக்கும் போகும், நன்றாக ஐதாக்கினால் வயலுக்கும் போகும். 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்தியபோது எங்கள் மாமா மீனையும் சர்க்கரையையும் போத்தலில் அடைத்து வைத்துக்கொண்டு பட்ட பாடு எனக்குத் தெரியும். அது யூரியாவுக்கு ஈடில்லை, அப்படி நம்பி அந்தப் போகம் அவருக்குப் பதராய்ப் போனது. கூடச் சேர்க்கிற சாமானாக வைத்தால் நல்லது.

ஐஸ் பெட்டியில் சேர்கிற தலையும் முள்ளும் பெப்டைட்டு ஆராய்ச்சிக்குப் போகட்டும். சங்கம் செய்ய வேண்டியது, எந்த நேரத்தில் வெட்டியது, எத்தனை பாகையில் இருந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி, நல்ல கழிவைக் கொடுப்பது. அந்தக் கொப்பி இருந்தால் யார் ஆலை போட்டாலும் நம்மிடம்தான் வர வேண்டும். விலையை நாம் சொல்லலாம். முதலில் கிடைக்கப்போகிற பாவனையும் முதுமை தள்ளும் டப்பா இல்லை என்று நினைக்கிறேன். இறால் தீனி, மீன் தீனி, பிறகு கருவாட்டிலும் மீன் உருண்டையிலும் காறல் பிடிக்காமல் காக்கிற சேர்மானம். ஒட்சியேற்றத்தைத் தடுப்பது அங்கே கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். அதற்கும் ஒரு தடை இருக்கிறது. இந்தச் சாறு கசக்கும். எண்ணெய்ப் பக்கம் சாய்கிற அமினோ அமிலங்கள் வெளியே வந்தால் நாக்கில் வேப்பங்கொழுந்துதான். என் முதல் பானைச் சாற்றை ஒரு துளி நாக்கில் வைத்த தங்கை இன்றைக்கும் என்னை நம்பி எதையும் குடிப்பதில்லை. மீன் ஒவ்வாதவர்களுக்கு இந்தத் தூளும் ஒவ்வாமல் போகலாம், அதையும் பையில் எழுதத்தான் வேண்டும்.

ஒரு விஷயம் எனக்கே தீரவில்லை. "கழிவு" என்று நாம் எல்லாரும் வாய் கூசாமல் சொல்கிறோம். அறுக்குளாத் தலை எந்தக் குற்றியிலும் கழிவாக விழுந்ததில்லை, அது வாங்கினவர் பைக்குள்தான் போகும். சூரைத் தலையும் பாரைத் தலையும்கூட ஒன்பதரை மணிக்குப் பிறகு சந்தைக்கு வருகிற சில வீடுகளுக்குக் கறி. பெரிய மீன் வாங்க வழி இல்லாத வீடுகள். காக்கா அவர்களுக்குக் காசு வாங்காமல் நாலு தலையைப் பையில் போட்டுக் கொடுப்பார், "இது பூனைக்கு" என்று சொல்லிக்கொண்டே. தலைக்கு விலை வந்தால் அந்தப் பை என்ன ஆகும்? சங்கம் ஐஸ் பெட்டியில் முதல் பங்கை அந்த வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்கிறேன். ஐஸில் வைத்த தலை அவர்களுக்கும் நல்லதுதானே. மீதிதான் ஆராய்ச்சிக்கு.

வருகிற பொதுக் கூட்டத்தில் இயந்திரத்துக்கான தீர்மானம் வருகிறது என்று அப்பா சொன்னார். அதை ஆறு மாதம் தள்ளி வைக்கும்படி கேட்கிறேன். அந்த ஆறு மாதத்துக்கு மூன்று சந்தையில் மூன்று குற்றிக்கு மட்டும் பெட்டி, ஐஸ், ஒரு வெப்பமானி, ஒரு கொப்பி. வெட்டுகிறவருக்கு நாளுக்கு ஒரு சின்னக் கொடுப்பனவு. ஹிஸ்டமின் சோதனைக்கு மாதம் ஒரு தடவை மாதிரி அனுப்புகிற செலவு. கொப்பியை எழுதுகிற வேலையை நான் சும்மா செய்கிறேன்.

தீர்மானத்துக்குக் கை தூக்குவதற்கு முன் ஒரு நாள் காலையில் ஆறு மணிக்குக் குற்றியடிக்கு வாருங்கள். ஆறரைக்கு ஒன்று, பத்தரைக்கு ஒன்று என்று இரண்டு தலையை மணந்து பாருங்கள், மிச்சத்தை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. காக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "தலைவர்மார் வரட்டும், கதிரை போட இடமில்ல, நிக்கத்தான் வேணும்" என்றார்.

இப்படிக்கு,
கரைவலைக்காரர் ஒருவரின் மகள்,
காரைதீவு